கருணைத் தொகை யாருக்கு வேண்டும்?

"ருசு எங்கே?" என்று கேட்கிறார்கள்.

விரல் நடுங்கி டீ டம்ளரைப் பிடிக்க முடியாமல் நிற்கிறவனைப் பார்த்துக் கேட்கிறார்கள். பஞ்சுத் தூசி நெஞ்சை அடைத்து, பத்துப் படி ஏறுவதற்குள் மூச்சு வாங்குகிற பெண்ணைப் பார்த்துக் கேட்கிறார்கள். கதிரடிக்கும் இயந்திரத்திலே கையைக் கொடுத்துவிட்டு வந்தவனைப் பார்த்துக்கூட, "கை போனது நிஜந்தான், ஆனால் எங்கள் களத்தில்தான் போனது என்பதற்கு என்ன ருசு?" என்று கேட்கத் துணிகிறார்கள். முதலாளியின் வக்கீலுக்கு முதல் பாடமும் இதுதான், கடைசிப் பாடமும் இதுதான்.

நஷ்டஈடு கேட்டுக் கமிஷனர் முன்போ, ஈ.எஸ்.ஐ. மருத்துவ போர்டு போட்ட சதவீதத்தை எதிர்த்து அப்பீலிலோ நிற்கப் போகிறவர்கள் நம்மிடையே எத்தனையோ பேர். வேடசந்தூர்ப் பஞ்சாலைத் தொழிலாளியும் உண்டு, தாண்டிக்குடிக் காப்பித் தோட்டத்துக் கூலியும் உண்டு. விசாரணைத் தேதி வந்துவிட்டால் பாதிப் பேருக்கு இரவில் தூக்கம் போய்விடுகிறது. பயம் வியாதியைப் பற்றியல்ல. நீதிபதி கேட்டால் என்ன சொல்வது, எதைக் காட்டுவது என்பதுதான்.

இந்தப் பயத்துக்கு மருந்து வேண்டுமென்றால், கொடைக்கானல் மலையிலே நடந்த ஒரு கதையை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

பழனி மலைத் தொடரின் உச்சியில், செயின்ட் மேரீஸ் ரோட்டில், பாம்பார்ச் சோலையின் விளிம்பிலே ஒரு தெர்மாமீட்டர் ஆலை இருந்தது. அமெரிக்காவில் நியூயார்க் மாகாணத்து வாட்டர்டவுன் என்ற ஊரில் ஓடிக்கொண்டிருந்த ஆலையைப் பெயர்த்து, 1983-ல் இங்கே கொண்டு வந்து நிறுவினார்கள். முதலில் பாண்ட்ஸ் கம்பெனி. பிறகு 1998-ல் அது ஹிந்துஸ்தான் லீவரோடு சேர்ந்தது. பாதரசம் வெளிநாட்டிலிருந்து வந்தது, கண்ணாடி வெளிநாட்டிலிருந்து வந்தது, செய்து முடித்த தெர்மாமீட்டரும் வெளிநாட்டுக்கே போயிற்று. அப்படியானால் நம் ஊர் எதைக் கொடுத்தது? ஆட்களைக் கொடுத்தது, குளிர்ந்த மலைக் காற்றைக் கொடுத்தது.

2001-ம் வருஷம் மார்ச் மாதம் அந்த ஊர் மக்கள் விழித்துக்கொண்டார்கள். மூஞ்சிக்கல்லில், ஜனங்கள் நடமாடும் இடத்தில், பழைய இரும்புக் கடை ஒன்றில் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி மூட்டை மூட்டையாகக் கிடந்தது. பல டன். பழனி மலைப் பாதுகாப்புக் கவுன்சிலும் கிரீன்பீஸும் ஆலையின் முன்னாள் தொழிலாளர்களும் சேர்ந்து அதை அம்பலப்படுத்தினார்கள். ஊர்வலம் போனது. ஆலை மூடப்பட்டது. மூடிய கதவு பிறகு திறக்கவில்லை.

2003-ல் 290 டன் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பிப் போயிற்று. மக்கள் போராடி வாங்கிய வெற்றி அது, சந்தேகமில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கழிவுக்கு மேல்நாடு போகக் கப்பல் கிடைத்தது. அந்தப் பாதரசத்தைக் கையால் அள்ளி, மூச்சில் இழுத்து வேலை செய்த ஆணுக்கும் பெண்ணுக்கும் கிடைத்தது, சென்னை ஹைகோர்ட்டுக்குப் போகிற ராத்திரி பஸ்தான்.

2006-ல் முன்னாள் தொழிலாளர் சங்கம் ஹைகோர்ட்டில் ரிட் மனுப் போட்டது. எங்கள் உடம்பு கெட்டது, எங்கள் வைத்தியத்துக்கும் வாழ்வுக்கும் வழி சொல்லுங்கள் என்று கேட்டது. கம்பெனி என்ன சொன்னது? பாதுகாப்பு ஏற்பாடெல்லாம் சரியாகவே இருந்தது; ஆய்வுகள் நடத்திப் பார்த்தாகிவிட்டது; தொழிலாளிகள் யாருக்கும் பாதரசத்தால் கேடில்லை. ஆரம்பம் முதல் முடிவுவரை கம்பெனியின் வாக்குமூலம் இந்த ஒன்றுதான்.

2007-ல் கோர்ட் ஐந்து பேர் கொண்ட நிபுணர் கமிட்டி ஒன்றை அமைத்தது. அந்தக் கமிட்டி பார்த்தது, பரிசோதித்தது, அறிக்கை கொடுத்தது. தொழிலாளர்களின் இப்போதைய உடல்நிலையை, முன்பு ஆலையில் பட்ட பாதரசத்தோடு முடிச்சுப் போடப் போதிய ஆதாரம் இல்லையாம்!

போதிய ஆதாரம் இல்லை. இந்த மூன்று வார்த்தையை நாம் கொஞ்சம் உரித்துப் பார்ப்போம்.

பாதரசம் எப்படி வேலை செய்கிறது? அது கண்ணுக்குத் தெரியாத ஆவியாக எழும்பும். மூச்சோடு உள்ளே போன ஆவியில் பெரும்பகுதி, ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு, நுரையீரல் வழியாக ரத்தத்தில் கலந்துவிடும். மூளைக்குப் போகும், சிறுநீரகத்துக்குப் போகும். கை நடுக்கம், ஈறில் ரத்தம், மறதி, காரணமில்லாத கோபம், தூக்கமின்மை எல்லாம் வரும். ஐரோப்பாவிலே தொப்பி செய்கிற தொழிலாளிகள் பாதரசம் பட்டுக் கை நடுங்கிச் சித்தம் கலங்கிப் போனது நூற்றாண்டுகளாகத் தெரிந்த சேதி. புதிதாகக் கண்டுபிடிக்க இதில் ஒன்றுமில்லை.

ஆனால் உடம்பில் போன பாதரசம் அங்கேயே உட்கார்ந்து சாட்சி சொல்லக் காத்திருக்குமா? இராது. வேலையை விட்டு இரண்டு மாதம் போனால் அதில் ஏறக்குறைய பாதி வெளியேறிவிடும். இன்னும் இரண்டு மாதத்தில் மீதியில் பாதி. ஆறு வருஷம் கழித்து ஒருவனுடைய சிறுநீரை எடுத்துச் சோதித்தால் என்ன இருக்கும்? ஒன்றும் இராது. திருடன் ஓடிப்போய் ஆறு வருஷம் ஆன பிறகு வீட்டைச் சோதனை போட்டு, திருடன் உள்ளே இல்லை, ஆகவே திருட்டே நடக்கவில்லை என்று எழுதுவதுபோல இருக்கிறது! போன பொருளும் உடைந்த பூட்டும் கண்ணில் படாதா? நரம்பிலே, சிறுநீரகத்திலே விட்டுப்போன சேதம் மட்டும் மிஞ்சும். அந்தச் சேதத்துக்கு நூறு காரணம் சொல்லலாம்: வயசாகிவிட்டது, குடிக்கிறான், சர்க்கரை வியாதி இருக்கிறது, பரம்பரை.

வேலையில் இருந்தபோது எடுத்த அளவுதான் நிஜமான சாட்சி. எந்த ஆலையானாலும், ஷெட்டில் காற்றில் எவ்வளவு விஷம், தொழிலாளியின் உடம்பில் எவ்வளவு என்ற அந்தத் தாள்கள் யார் அலமாரியில் இருக்கும்? தொழிலாளியின் டிரங்குப் பெட்டியிலா இருக்கும்? சாவி முதலாளி கையில். ருசுவை மட்டும் தொழிலாளி கொண்டுவர வேண்டும். இதற்குப் பெயர் விசாரணை!

ஜப்பானிலே மினமாட்டா என்ற கடற்கரை ஊரிலும் பாதரசம்தான். அது வேறு வகைப் பாதரசம், மீன் வழியாக வந்தது. சிஸ்ஸோ என்ற கம்பெனியின் கழிவு. 1956-ல் நோய் வெளியே தெரிந்தது. கம்பெனியின் சொந்த ஆஸ்பத்திரி டாக்டர் ஹோசோகாவா 1959-ல் ஆலைக் கழிவைப் பூனைக்குக் கொடுத்துப் பார்த்தார். பூனைக்கும் அதே நோய் கண்டது. கம்பெனி அந்த முடிவை வெளியே விடவில்லை. 1970-ல் அந்த டாக்டர் சாகக் கிடந்த படுக்கையிலிருந்து சாட்சி சொன்ன பிறகுதான் உண்மை கோர்ட் ஏறியது. 1973-ல் குமமோட்டோ கோர்ட் நோயாளிகள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஆதாரம் இல்லை என்று கம்பெனி கையை விரித்துக்கொண்டிருந்த அத்தனை வருஷமும் ஆதாரம் கம்பெனி ஆஸ்பத்திரியிலேயே இருந்தது. எல்லா ஊரிலும் இப்படித்தான் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் "ஆதாரம் இல்லை" என்ற பேச்சைக் கேட்டால், "யாரிடம் இல்லை?" என்று திருப்பிக் கேட்கிற புத்தி நமக்கு வர வேண்டும்.

கொடைக்கானல் கதைக்குத் திரும்புவோம். 2011-ல் மத்திய சர்க்காரின் தொழிலாளர் அமைச்சகம் ஹைகோர்ட்டுக்கு ஒரு அறிக்கை கொடுத்தது. பாதரசம் பட்டதால் தொழிலாளிகள் மட்டுமல்ல, அவர்களுடைய குழந்தைகளும் பாதிக்கப்பட்டிருக்கிறார்கள், அதற்கு ஆதாரம் இருக்கிறது என்றது. அதே ஆலை, அதே ஜனங்கள்! ஒரு கமிட்டிக்குக் கிடைக்காத ஆதாரம் இன்னொன்றுக்குக் கிடைத்தது. ஆகவே நிபுணர் என்ற சொல்லைக் கேட்டு யாரும் மிரள வேண்டாம்.

அதற்குப் பிறகும் வழக்கு நகரவில்லை. 2015-ல் சோஃபியா அஷ்ரஃப் என்ற சென்னைப் பெண் இதைப் பாட்டாகப் பாடி வெளியிட்டார். உலகம் பூராவும் லட்சக்கணக்கான பேர் பார்த்தார்கள். கம்பெனியின் வெளிநாட்டுத் தலைமை பதில் சொல்லும் நிலை வந்தது. 2016 மார்ச்சில் சமரசம் அறிவிக்கப்பட்டது. 591 முன்னாள் தொழிலாளிகளுக்கும் குடும்பத்தாருக்கும் பணம். எவ்வளவு என்று வெளியே சொல்லவில்லை. பணத்துக்கு என்ன பெயர் வைத்தார்கள் தெரியுமா? நஷ்டஈடு அல்ல. மனிதாபிமானத்தின் பேரில் தரும் கருணைத் தொகை!

வாங்கியவர்களைக் குறை சொல்ல நமக்கு வாய் இல்லை. 2001-லிருந்து 2016 வரை 15 வருஷம். நோயோடு, கடனோடு, மலையிலிருந்து பட்டணத்துக்கு ஓடி ஓடிப் போராடியவர்கள் அவர்கள். அவர்கள் நிமிர்ந்து நின்றிராவிட்டால் இந்தக் காசும் கிடைத்திருக்காது. நம் கோபமெல்லாம் அந்தப் பெயரின் மேல்தான். கருணை என்பது கொடுப்பவன் இஷ்டம். குற்றம் செய்தவன் தர்மம் செய்தவனாக மாறிவிடுகிற வித்தை அது. தவறு செய்தோம் என்ற ஒரு வரி எந்த ஏட்டிலும் ஏறவில்லை. ஆகையால் நாளை இன்னொரு ஆலையின் தொழிலாளி கோர்ட்டுக்குப் போகும்போது, கொடைக்கானலில் தீர்ந்ததைப் பார் என்று காட்ட ஒரு தீர்ப்பும் அவன் கையில் இல்லை.

இந்த நாட்டுச் சட்டத்தில் அது கருணையாகவா எழுதப்பட்டிருக்கிறது? இல்லை, தோழர்களே, இல்லை!

வெள்ளைக்காரன் ஆட்சியில் வந்த 1923-ம் வருஷத்து நஷ்டஈட்டுச் சட்டத்தில் மூன்றாம் அட்டவணை என்று ஒன்று உண்டு. எந்தெந்தத் தொழிலில் என்னென்ன நோய் வரும் என்ற பட்டியல் அது. பாதரச நோய் அதில் இருக்கிறது. பஞ்சுத் தூசியால் வரும் நெஞ்சு நோயும் அதில் இருக்கிறது. வார விடுமுறை முடிந்து மில்லுக்குத் திரும்பும் நாளில் நெஞ்சை இறுக்கிப் பிடிக்குமே, அதேதான். பாதரசம் இருக்கிற 'பி' பகுதிக்குச் சட்டம் சொல்வது இது: ஒரு முதலாளியிடம் அந்த வேலையில் தொடர்ந்து ஆறு மாதம் இருந்தவனுக்கு அந்த நோய் வந்தால், அது வேலையினால் ஏற்பட்ட விபத்துக் காயமாகவே கருதப்படும், அப்படியல்ல என்று நிரூபிக்கப்பட்டால் ஒழிய. படித்துப் பாருங்கள். நிரூபிக்கிற பாரம் யார் தலையில்? முதலாளி தலையில்! வக்கீல் எழுந்து "ருசு எங்கே?" என்று கேட்டால், "ஐயா, வேலை பார்த்ததற்கு இதோ ருசு, நோய்க்கு இதோ ருசு. இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்பதற்கு உங்கள் ருசு எங்கே?" என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

பாதரச விஷம் கண்டால் ஆலை மானேஜர் அதிகாரிக்கு நோட்டீஸ் அனுப்ப வேண்டும், பார்த்த டாக்டரும் தலைமை இன்ஸ்பெக்டருக்கு எழுத வேண்டும் என்று 1948-ம் வருஷத்துப் பாக்டரிச் சட்டம் சொல்லியது. கல்நார் வழக்கில் 1995-ல் சுப்ரீம் கோர்ட் இன்னும் ஒரு படி மேலே போயிற்று: தொழிலாளியின் உடல்நலமும் அரசியல் சாசனம் தரும் வாழ்வுரிமையில் சேர்ந்தது, கல்நார் ஆலை ஒவ்வொன்றும் தொழிலாளியின் வைத்தியக் குறிப்பை வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 40 வருஷம் அல்லது வேலையை விட்டபின் 15 வருஷம், எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும் என்றது.

2025 நவம்பர் 21-ம் தேதி முதல் இந்தப் பழைய சட்டங்களின் இடத்தில் புதிய சட்டத் தொகுப்புகள் வந்துவிட்டன. நஷ்டஈடும் ஈ.எஸ்.ஐ.யும் 2020-ம் வருஷத்துச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் போய்விட்டன. தொழில் நோய்ப் பட்டியல் அதிலும் இருக்கிறது, பாதரசமும் இருக்கிறது. ஆனால் பிரிவு எண்கள் மாறிவிட்டன. பழைய எண்ணைப் போட்டு மனு எழுதிக் கொடுக்கிற ரைட்டர்களிடம் ஏமாறாதீர்கள். விபத்து எந்தத் தேதியில் நடந்தது, எந்தச் சட்டம் பொருந்தும் என்று சங்கத்திலோ வக்கீலிடமோ கேட்டுக்கொண்டு எழுதுங்கள்.

சரி, விசாரணைக்கு எப்படித் தயாராவது?

ஒன்றை முதலில் மனசில் பதிய வைத்துக்கொள்ளுங்கள். கீழே கமிஷனர் முன் நடக்கிற முதல் விசாரணைதான் விசாரணை. அங்கே வைக்காத சாட்சியை ஹைகோர்ட்டில் வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறவன் ஏமாந்தான். 1923-ம் வருஷச் சட்டப்படி ஹைகோர்ட் அப்பீலுக்கு 60 நாள்தான் கெடு. அதுவும் முக்கியமான சட்டப் பிரச்னை இருந்தால்தான் எடுத்துக்கொள்வார்கள். கை எப்படிப் போனது, எத்தனை நாள் வேலை செய்தாய் என்பதையெல்லாம் அங்கே புதிதாக விசாரிக்க மாட்டார்கள். நமக்குச் சாதகமான ஒன்றும் உண்டு: முதலாளி அப்பீல் போக வேண்டுமென்றால், தீர்ப்பான பணத்தைக் கட்டிவிட்டுத்தான் போக வேண்டும்.

ஆகவே கீழேயே ஜெயிக்க வேண்டும். அதற்கு வேண்டியது காகிதம். காகிதம் என்றதும் நம் ஆட்கள் முகம் வாடிவிடுகிறது. படிக்காதவனிடம் காகிதம் கேட்கலாமா என்கிறார்கள். சம்பளச் சீட்டு, ஆஜர் அட்டை, ஈ.எஸ்.ஐ. அட்டை, பி.எப். நம்பர், கம்பெனி பஸ் பாஸ், போனஸ் வாங்கிய கவர், தீபாவளிக்கு ஷெட்டில் எல்லோரும் சேர்ந்து எடுத்த போட்டோ எல்லாம் காகிதம்தான். ஒன்றுமே இல்லையென்றால் உடன் வேலை பார்த்த இரண்டு பேர் வாய்ச் சாட்சி சொல்லட்டும். எந்த வருஷம், எந்த ஷெட், என்ன வேலை என்று. "இவன் எங்கள் ஆளல்ல, காண்டிராக்டர் ஆள்" என்பார்கள். பயப்பட வேண்டாம். 1923-ம் வருஷச் சட்டத்தின் 12-ம் பிரிவு, அசல் முதலாளியே முதலில் கொடுக்க வேண்டும், பிறகு காண்டிராக்டரிடம் அவர் வசூல் செய்துகொள்ளட்டும் என்றது. இயந்திரத்தை வைத்துப் பார்க்கும் பண்ணை வேலையும், 25 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் காப்பித் தோட்டமும் அந்தச் சட்டத்தின் அட்டவணையில் இருந்தன. விவசாயக் கூலிக்கு நஷ்டஈடு கிடையாது என்று மணியக்காரர் சொன்னால் நம்பி வீட்டுக்குப் போய்விடாதீர்கள்.

ஆலையில் இன்ஸ்பெக்டர் வந்து போன அறிக்கை சர்க்கார் ஆபீஸில் இருக்கும். 2005-ம் வருஷத் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி மனுப் போட்டுக் கேளுங்கள். தொழிலகப் பாதுகாப்பு, சுகாதார இயக்ககத்துக்குத்தான் போட வேண்டும். பதில் வர நாளாகும். ஆகவே விசாரணைத் தேதி வருவதற்கு முன்பே போட வேண்டும்.

அடுத்தது டாக்டர். முந்நூறு வருஷத்துக்கு முன் இத்தாலியில் ராமஸ்ஸினி என்று ஒரு வைத்தியர் இருந்தார். 1700-ல் தொழிலாளிகளின் வியாதிகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். நோயாளியைப் பார்த்ததும், நீ என்ன வேலை செய்கிறாய் என்று கேள் என்பதுதான் அவர் மற்ற வைத்தியர்களுக்குச் சொன்ன புத்தி. இன்று நம் ஆஸ்பத்திரியில் கூட்டம். டாக்டருக்கு அதைக் கேட்க நேரம் இல்லை. அவர் கேட்காவிட்டாலும் நீங்கள் சொல்லுங்கள். சொன்னதைச் சீட்டிலே எழுதச் சொல்லுங்கள். "இருமல், மூச்சு வாங்கல்" என்று மட்டும் எழுதிய சீட்டுக்குக் கோர்ட்டில் மதிப்புக் குறைவு. "12 வருஷம் பஞ்சாலையில் புளோ ரூம் வேலை, விடுமுறை முடிந்த நாளில் அதிகமாகிறது" என்று எழுதிய அதே சீட்டுக்கு மதிப்பு எத்தனையோ மடங்கு. கொடைக்கானல் பாடம் ஞாபகம் இருக்கட்டும். பாதரசம், ஈயம் போன்றவை பட்டால் வேலையில் இருக்கும்போதே சோதனை, அந்த முடிவின் நகல் கையில். வேலையை விட்டபின் அறிகுறி கண்டால் அதற்கும் 1923-ம் வருஷச் சட்டம் இரண்டு வருஷம் என்று கோடு கிழித்திருந்தது. மனுப் போடவும் இரண்டு வருஷம். தகுந்த காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்கலாம் என்றும் இருந்தது. ஆனால் மன்னிப்பை நம்பிக்கொண்டு வீட்டில் உட்காரலாமா?

போர்டு போட்ட சதவீதம் இருக்கிறதே, அதில்தான் பல பேர் ஏமாறுகிறார்கள். அட்டவணையில் கட்டைவிரல் முழுதும் போனால் 30 சதவீதம், சுட்டுவிரல் 14, ஒரு கையில் நாலு விரல் போனால் 50 என்று எழுதியிருக்கும். அதன்படி கணக்குப் போட்டால், மாதம் 10,000 ரூபாய் வாங்கிய 40 வயசுத் தொழிலாளி கட்டைவிரலை இழந்தால்: சம்பளத்தில் 60 சதவீதம் 6,000, 40 வயசுக்கு உரிய எண் 184.17, பெருக்கினால் 11,05,020, அதில் 30 சதவீதம் 3,31,506 ரூபாய். இந்தக் கணக்கை வீட்டிலேயே போட்டுப் பாருங்கள். மேஸ்திரி வந்து 50,000 ரூபாயைக் காட்டி "வாங்கிக்கொண்டு முடித்துக்கொள்" என்னும்போது, அவர் எதை மறைக்கிறார் என்று தெரியும்.

அட்டவணைதான் கடைசி வார்த்தையா? அதுவும் இல்லை. ஒரிசாவில் ஒரு தச்சர், 1968-ல் ஒரு சினிமாக் கொட்டகையில் அலங்கார வேலை செய்யும்போது விழுந்தார். இடது கையை முழங்கைக்கு மேலே எடுத்துவிட்டார்கள். ஒரு கைதானே போயிற்று, பகுதி ஊனம்தானே என்று முதலாளி வாதாடினார். தச்சு வேலையை ஒற்றைக் கையால் செய்ய முடியுமா? இவர் தொழிலுக்கு இது முழு ஊனம் என்றார் கமிஷனர். முதலாளி விடாமல் சுப்ரீம் கோர்ட்வரை போனார். 1975 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டும் கமிஷனர் சொன்னதே சரி என்றது. பணம் கொடுக்க வேண்டிய கடமை விபத்து நடந்த தேதியிலேயே பிறந்துவிட்டது என்றும் சொன்னது. ஆகவே உங்கள் அப்பீலில் கேள்வி, உடம்பில் எத்தனை சதவீதம் போயிற்று என்பது மட்டுமல்ல. அந்த உடம்பை வைத்துக்கொண்டு உங்கள் தொழிலை இனிச் செய்ய முடியுமா, சம்பாத்தியத்தில் எவ்வளவு போயிற்று என்பதே கேள்வி. டாக்டர் சீட்டிலும் அதைக் கேட்டு எழுதி வாங்குங்கள்.

இனி வாய்ப் பேச்சு. இங்கேதான் நம் ஜனங்களின் நல்ல குணமே நமக்குச் சத்துருவாகிறது. "எப்படி அம்மா இருக்கிறாய்?" என்று நீதிபதி மரியாதைக்குக் கேட்கிறார். "உங்கள் புண்ணியத்திலே நல்லா இருக்கேன் சாமி" என்று கும்பிடுகிறாள். கிளார்க் அதை எழுதிக்கொள்கிறான். "மனுதாரர் நலமாக உள்ளார்!" எதிர்த் தரப்பு வக்கீல் சிரிக்கிறார். பெரியவர் முன் கஷ்டத்தைச் சொல்லக் கூசுகிற வழக்கத்தை வாசலிலேயே செருப்போடு விட்டுவிட்டு உள்ளே போங்கள். "நன்றாக இல்லை. ஒரு குடம் தண்ணீரை இடுப்பில் எடுத்தால் பத்தடியில் இறக்கி வைக்க வேண்டியிருக்கிறது. ராத்திரி மூன்று முறை எழுந்து உட்கார்ந்து மூச்சு வாங்குகிறேன். பாவு நூலின் முடிச்சைப் போட விரல் நிற்பதில்லை." குடம், படி, முடிச்சு, ராத்திரி: அன்றாட வேலையை வைத்தே சொல்லுங்கள். "ரொம்பக் கஷ்டம்" என்பதற்குக் கோர்ட்டில் அளவு கிடையாது.

கூட்டியும் சொல்லாதீர்கள். கோர்ட் வாசலில் நொண்டிக்கொண்டு வந்தவர், சந்தையில் மூட்டை தூக்கியதை எவனாவது செல்போனில் படமெடுத்து வைத்திருப்பான். ஒரு பொய் பிடிபட்டால் பத்து உண்மை அதோடு போய்விடும். நல்ல நாளும் உண்டு, படுத்துக் கிடக்கிற நாளும் உண்டு என்றால் இரண்டையும் சொல்லுங்கள். மாதத்தில் எத்தனை நாள் எது என்றும் சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வெட்கம் வேண்டாம்.

தேதிக்கு முன்னால் ஒரு நாள் சாயங்காலம் சங்க அலுவலகத்தில் உட்கார்ந்து ஒத்திகை பாருங்கள். நம்மில் ஒருவர் முதலாளி வக்கீல் வேஷம் போடட்டும். "நீ பீடி குடிக்கிறாயா? சாராயம் உண்டா? உன் அப்பனுக்கு இருமல் இருந்ததா?" என்று நறுக்கென்று கேட்கட்டும். அன்றைக்கு வரவேண்டிய கோபமும் அழுகையும் இங்கேயே வந்து போய்விடட்டும். வக்கீல் வைக்க வசதியில்லை என்றால், பதிவு பெற்ற சங்கத்தின் நிர்வாகி தொழிலாளிக்காகக் கமிஷனர் முன் ஆஜராகலாம் என்று 1923-ம் வருஷச் சட்டமே இடம் கொடுத்தது. அதை வாங்கித் தந்தவர்கள் நம் முன்னோர். அதைப் பயன்படுத்தாமல் விடுவது நம் சோம்பல்.

வெள்ளைத் தாளில் கையெழுத்து, கைநாட்டு எதுவும் போடாதீர்கள். எனக்கு நஷ்டஈடு வேண்டாம் என்று தொழிலாளி எழுதிக் கொடுத்த ஒப்பந்தமே செல்லாது என்று 17-ம் பிரிவு சொன்னது. சமரசமாக ஒரு தொகை பேசினாலும் அது கமிஷனரிடம் பதிவாக வேண்டும். தொகை போதாது என்று பட்டால் அவர் பதிய மறுக்கலாம். ஆகவே சமரசம் பேச வந்தால், கமிஷனர் முன்னிலையில் பேசுவோம் என்று சொல்லிவிடுங்கள். காகிதத்தில் "கருணைத் தொகை" என்று எழுதியிருந்தால் அதை அடித்துவிட்டு "நஷ்டஈடு" என்று எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால், ஏன் மறுக்கிறார்கள் என்று கமிஷனரையே கேட்கச் சொல்லுங்கள்.

மலை மேலிருந்து வருகிற தோழர்களுக்கு இன்னும் ஒன்று. மழைக் காலத்தில் வத்தலக்குண்டு ரோட்டில் மண் சரிந்தால் பஸ் நின்றுவிடும். கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் மனுவைத் தள்ளிவிடுவார்கள். முதல் நாள் சாயங்காலமே கீழே இறங்கி, சங்க அலுவலகத்தில் படுத்துக்கொள்ளுங்கள். எல்லாக் காகிதத்துக்கும் இரண்டு நகல் எடுத்து, அசலைத் தனிப் பையில் வையுங்கள். அசலை யார் கேட்டாலும், கோர்ட் கிளார்க்கே கேட்டாலும், ரசீது வாங்காமல் கொடுக்க வேண்டாம்.